லொறியை இனித் தள்ள வேண்டாம்

(தோட்ட நலன்புரிச் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் மேல் டிவிசனைச் சேர்ந்த ஓர் அம்மா எழும்பி ஒரு கேள்வி கேட்டாங்க. “ஐயா, வீட்டுக்கு வீடு சந்தா குடுக்கிறோம். அந்தக் காசுல சங்க லொறிக்கு ஏதோ பெரிய மோட்டார் வாங்கிப் போட்டீங்களாம். எங்க லயத்துக் கூரை ஒழுகிக்கிட்டு இருக்குது. லொறிக்கு மோட்டார் போட்டு எங்களுக்கு என்னா லாபம்?” என்று கேட்டாங்க. அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்ததால் கூட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டோம். பதில் கடனாக நின்றுவிட்டது. அந்தக் கடனை இன்றைக்குத் தீர்க்கிறேன்.

லொறி விசயம் என்றதும், இது டிரைவர்மாருக்குச் சொல்லும் கதை என்று நினைத்துப் பெண்கள் எழும்பிப் போய்விட வேண்டாம். பகலில் அந்த லொறி மரக்கறியும் விறகும் கடைச் சாமானும் ஏற்றுகிறது. ராத்திரி நேரத்தில் அதில் ஏறியவங்க பெரும்பாலும் நீங்களும் உங்க பிள்ளைகளும்தான்.

அந்த விடியற்காலை

2023 ஜனவரி மாதம். பனி கொட்டுகிற காலம். விடியற்காலை நாலு மணி இருக்கும். நம்ம லயத்துப் பிள்ளை ஒருத்திக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. 1990 அம்புலன்ஸுக்குப் போன் பண்ணினோம். மெயின் ரோட்டுச் சந்திக்கு வண்டி வரும், அது வரைக்கும் கொண்டு வாங்க என்றாங்க. நம்ம ரோட்டு லட்சணம் உங்களுக்குத் தெரியும். அதில் அந்த வண்டி ஏறி வர வழியில்லை. ஆகவே சங்க லொறியில் பிள்ளையை ஏற்றினோம். மிட்வைஃப் அம்மாவும் கூட ஏறிக்கொண்டாங்க.

டிரைவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் “ர்ர்... ர்ர்...” என்று இரண்டு தரம் முனகியது. பிறகு “டக்” என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வழக்கம்போல லொறியைக் கோயில் மேட்டில் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்தியிருந்தோம். “தள்ளுங்கப்பா” என்று சத்தம் போட்டது வேறு யாரும் இல்லை, நான்தான். எட்டுப் பேர் தள்ளினாங்க. லொறி உருண்டது. டிரைவர் கிளச்சை விட்டார், எஞ்சின் பிடிக்கவில்லை. ரோட்டு ஈரம். வளைவு வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். பெடல் கல்லு மாதிரி இறுகிப் போச்சு. எப்படியோ மண் திட்டியில் உரசிக் கானோரத்தில் லொறி நின்றது. பக்கத்தில் தள்ளிக்கொண்டு ஓடிய தம்பியின் கால், சக்கரத்துக்கும் கான் கட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

பிள்ளையைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு சந்திக்கு நடந்தோம். தம்பியையும் தூக்கினோம். இரண்டு பேரும் ஒரே அம்புலன்ஸில் போனாங்க. கடவுள் புண்ணியத்தில் தாயும் சேயும் சுகம். அந்தக் குழந்தை இன்றைக்குப் பிள்ளை மடுவத்தில் ஓடித் திரிகிறது. தம்பிக்கு எலும்பு முறிவு. மூன்று மாதம் பெரட்டுக்கு வர முடியவில்லை. அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அன்றைக்கு அவரிடம் கேட்ட மன்னிப்பை இன்றைக்கு உங்கள் எல்லார் முன்னாலும் திரும்பக் கேட்கிறேன்.

பிரேக் ஏன் பிடிக்கவில்லை? இதை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்க. இந்த மாதிரி லொறிகளில் டிரைவருடைய காலுக்கு எஞ்சின்தான் உதவி செய்கிறது. எஞ்சின் ஓடும்போது வெக்கியூம் என்ற உறிஞ்சு பலம் உண்டாகி, மிதிக்கிற மிதிக்குப் பக்கபலமாக நிற்கிறது. எஞ்சின் ஓடாவிட்டால் ஒரு மிதி, இரண்டு மிதிக்கு மேல் அந்த உதவி கிடையாது. எயார் பிரேக் லொறியிலும் காற்றை நிரப்புவது எஞ்சின்தான். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியென்றால் ஸ்டியரிங்கும் இறுகிப் போகும். எஞ்சின் ஓடாத லொறியை இறக்கத்தில் உருட்டுவது, பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டு உருட்டுவதற்குச் சமம்.

டீசல் எஞ்சினுக்கு ஏன் இவ்வளவு பலம்?

லொறியைச் சாவி போட்டதும் சுற்றிவிடுகிற மின்சார மோட்டார்தான் ஸ்டார்ட்டர் மோட்டார். நம்ம பக்கத்தில் “செல்ப்” என்றும் சொல்வாங்க. அந்தக் காலத்தில் இரும்புக் கைபிடியை முன்னால் செருகிக் கையால்தான் சுற்றினாங்க. எஞ்சின் திருப்பி உதைத்துக் கை முறிந்தவர்கள் அநேகம். அமெரிக்காவில் சார்ள்ஸ் கெட்டரிங் என்பவர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912 ஆம் வருடத்துக் கெடிலாக் காரில் வந்தது. மனிதனுடைய கையும் காலும் முறியாமல் இருப்பதற்கு வந்த சாமான் அது. நாங்கள் அதைக் கவனிக்காமல் விட்டு ஒருவருடைய காலை முறித்தோம்.

பெற்றோல் எஞ்சினில் நெருப்புப் பொறி போடுவதற்குப் பிளக் இருக்கிறது. டீசல் எஞ்சினில் அது இல்லை. காற்றைப் பதினேழு, பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கிப் பிழிய வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? அதே சங்கதிதான். நன்றாக நெருக்கினால் காற்று 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசல் பட்டதும் தானாகப் பற்றும். மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டன் வளையங்களின் சந்தால் கசிந்துவிடும், சூடும் இரும்பில் இறங்கிவிடும். பிறகு எத்தனை தரம் முனகினாலும் எஞ்சின் பிடிக்காது.

அதிலும் நம்ம தோட்டம் 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. கொழும்பில் இருக்கிற காற்றழுத்தத்தை விட இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நெருக்குவதற்குக் கிடைக்கிற காற்றே குறைவு. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் எஞ்சின் ஒயில் பாகு மாதிரித் தடித்துப் போகும். குளிரில் பற்றரியின் பலமும் இறங்கும். கொழும்பில் ஒரு சாவியில் பிடிக்கிற லொறி இங்கே மக்கர் பண்ணுவதற்கு இவ்வளவும் காரணம்.

மோட்டார் வாங்கிய கதை

தம்பியின் கால் முறிந்த பிறகு சங்கக் கமிட்டி கூடியது. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு லொறி விலை எங்கேயோ போய்விட்டது. வேறு லொறி வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே இருக்கிற லொறிக்குப் பலமான ஸ்டார்ட்டர் போடுவோம் என்று தீர்மானித்தோம். நம்முடையது நான்கு சிலிண்டர் ஜப்பான் லொறி, 12 வோல்ட். பழைய மோட்டார் 2 கிலோவாட். அதைவிடப் பெரியதாக 2.5 கிலோவாட் மோட்டார் ஒன்றைத் தேடி நானும் டிரைவரும் கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

அங்கே ஒரு கடையில் இருந்த வயதான பாஸ் நல்ல மனுசன். “பழைய மோட்டாரைக் கழற்றிக் கொண்டு வந்தீங்களா? வராவிட்டால் எதையும் வாங்காதீங்க” என்றார். நல்ல வேளை, கொண்டு போயிருந்தோம். இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலாவது வோல்ட். 12 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட், 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட். மாற்றிப் போடக் கூடாது. இரண்டாவது, மோட்டாரின் மூக்கில் இருக்கிற பினியன் என்ற சின்னப் பல்லுச் சக்கரம். அதன் பல்லு எண்ணிக்கையும் பல்லின் அளவும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். அதுதான் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற பெரிய பல்லு வளையத்தில் போய்ப் பிடிக்கிறது. பிசகினால் இரண்டு பல்லும் தேய்ந்து உடையும். மூன்றாவது, சுற்றும் திசை. நாலாவது, எஞ்சினில் பொருத்தும் முகமும் ஆணித் துளைகளும், பினியன் எவ்வளவு தூரம் வெளியே நீளுகிறது என்பதும். ஐந்தாவது இடவசதி. மோட்டார் பெருத்துவிட்டால் புகைக் குழாயில் முட்டும், அல்லது சேசியில் உரசும்.

நாங்கள் கண்ணால் பார்த்துப் பெரிய உருண்டை ஒன்றை எடுத்தோம். அவர் சிரித்துவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்துத் தந்தார். “இதுதான் பலம் கூடினது” என்றார். அதற்குள்ளே கியர் இருக்கிறதாம். சின்ன மோட்டார் வேகமாகச் சுற்ற, உள்ளே இருக்கிற கியர் அந்த வேகத்தைக் குறைத்துத் திருப்பும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. உருவம் பெருத்தால் பலம் கூடும் என்று நினைத்தது எங்கள் அறியாமை.

திரும்பி வந்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பற்றரியின் நெகட்டிவ் பக்கத்தை முதலில் கழற்றிவிட்டு மோட்டாரைப் பூட்டினோம். ஒருவர் கீழே இருந்து தாங்கிப் பிடிக்க, மற்றவர் ஆணியை இறுக்கினார். பொருத்த முன்னர் பெரிய பல்லு வளையத்தையும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தோம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது அநேகமாக ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு இடங்களில்தான் நிற்கும். ஆகவே அந்த இரண்டு இடத்துப் பல்லுத்தான் கூடத் தேயும். நம்முடையதில் தேய்மானம் இருந்தது, ஆனால் உடையவில்லை.

சாவியைத் திருப்பினோம். ஒரே பிடி. எல்லாரும் கைதட்டினோம். அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தோம்.

புகை வந்த காரணம்

இரண்டு கிழமை கழித்து ஒரு விடியற்காலை டிரைவர் ஓடி வந்தார். “ஐயா, ஸ்டார்ட் பண்ணும்போது எக்சிலேட்டர் கேபிளில் இருந்து புகை வருது!” என்றார். எக்சிலேட்டர் கேபிள் என்பது வெறும் கம்பி. அதில் கரண்ட் போக வேண்டிய தேவையே இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டவுனில் இருக்கிற எலக்ட்ரிக் வேலை செய்கிற பாஸைக் கூட்டி வந்தோம்.

அவர் மோட்டாரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மீட்டரை எடுத்து ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்தார். “இப்ப சாவியைத் திருப்புங்க” என்றார். மீட்டர் 2 வோல்ட் காட்டியது. “அரை வோல்ட்டுக்கு மேல் காட்டவே கூடாது. உங்க வருத்தம் மோட்டாரில் இல்லை, இங்கேதான் இருக்குது” என்று எஞ்சினுக்கும் சேசிக்கும் நடுவில் இருந்த ஏர்த் பட்டியைக் காட்டினார். துருப்பிடித்துப் பாதி அறுந்து கிடந்தது.

இதை உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். நம்ம லயத்துக்குத் தண்ணி வருகிற தாங்கியை நினைத்துக்கொள்ளுங்க. பற்றரிதான் தாங்கி. கேபிள்தான் குழாய். மோட்டார்தான் பீலி. குழாய் பாசி பிடித்து அடைத்துக் கிடக்கும்போது பீலியை மட்டும் பெரிதாகப் போட்டால் தண்ணி கூடி வருமா? வராது. கரண்டுக்கு இன்னும் ஒரு சங்கதி இருக்கிறது. போன கரண்ட் திரும்பவும் பற்றரிக்கே வந்தாக வேண்டும். அது வருகிற வழிதான் ஏர்த். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டி ஒன்றுதான் நல்ல பாதை. பாதை அறுந்தால் கரண்ட் சும்மா இருக்காது, கிடைத்த ஒற்றையடிப் பாதையில் புகுந்துவிடும். எக்சிலேட்டர் கேபிளில் புகுந்து அதைச் சுட்டது அப்படித்தான்.

எவ்வளவு கரண்ட் என்று கேட்பீங்க. வீட்டில் எரிகிற 60 வொட் பல்ப் கால் அம்பியர் அளவுதான் எடுக்கும். இந்த மோட்டார் ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் 300, 400 அம்பியர் இழுக்கும். முதல் நொடியில் அதைவிடவும் கூட. மோட்டார் பெரிதானதும் இழுவையும் கூடியது. பழைய மோட்டாரில் ஒளிந்திருந்த வருத்தம் பெரிய மோட்டாரில் புகையாக வெளியே வந்துவிட்டது.

பிறகு வேலையை ஒழுங்காகச் செய்தோம். புதிய ஏர்த் பட்டி போட்டோம். பூட்டுகிற இடத்தில் பெயின்டையும் துருவையும் சுரண்டிப் பளபளப்பாக்கினோம். 35 சதுர மில்லிமீற்றர் கேபிளைக் கழற்றி 70 சதுர மில்லிமீற்றர் கேபிள் போட்டோம். 70 அம்பியர் மணிப் பற்றரிக்குப் பதிலாக 100 அம்பியர் மணிப் பற்றரி வைத்தோம். மோட்டாரைத் தட்டி எழுப்புகிற சுவிட்சும் கூடுதல் கரண்ட் கேட்பதால், சாவி கருகாமல் இருக்க நடுவில் ஒரு ரிலே பூட்டினோம். திரும்பவும் மீட்டர் வைத்தபோது கால் வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டியது.

அம்மாவின் கேள்விக்குப் பதில்

இப்போது உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். முதலிலேயே மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் பழைய மோட்டாரே போதுமாக இருந்திருக்குமா? இதே கேள்வியை நான் பாஸிடம் கேட்டேன். அவர் பழைய மோட்டாரைத் திரும்பப் பூட்டிப் பார்த்தார். நல்ல ஏர்த், நல்ல கேபிள், நல்ல பற்றரியோடு பகலில் உடனே பிடித்தது. ஆனால் பனி விடியற்காலையில் இரண்டு நாளும் இழுத்து இழுத்துத்தான் பிடித்தது. இந்த உயரத்துக்கும் குளிருக்கும் அது மட்டுமட்டு. ஆகவே பெரிய மோட்டார் வீண் செலவு இல்லை. ஆனால் வரிசை பிழை. ஏர்த்தையும் கேபிளையும் முதலில் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் அவசரப்பட்டதால் ஒரு எக்சிலேட்டர் கேபிளும், பாஸை இரண்டாம் தரம் கூப்பிட்ட கூலியும் உங்கள் காசில் வீணாய்ப் போனது. அது கணக்குப் புத்தகத்தில் தனியாக எழுதியிருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம்.

அம்மா, உங்க கூரை ஒழுகுவதையும் நான் மறக்கவில்லை. லயத்துக் கூரையைத் திருத்தச் சொல்லித் தோட்டத்துரையிடம் கொடுக்க வேண்டிய விண்ணப்பம் எழுதி முடிந்துவிட்டது. இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்க. ஆனால் ராத்திரி நாலு மணிக்கு உங்க மகளுக்கோ பேரப்பிள்ளைக்கோ ஆபத்து என்றால், சாவியைத் திருப்பியதும் பிடிக்கிற ஒரு லொறி இருக்கிறது. அதுதான் உங்க சந்தாக் காசு. அந்த வேலை முடிந்த நாளில் இருந்து இன்று வரைக்கும் லொறியை ஒரு தரமும் தள்ளவில்லை.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள்.

எந்த அவசரத்திலும் லொறியை இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டாம். நானே வந்து தள்ளச் சொன்னாலும் தள்ள வேண்டாம். நோயாளி என்றால் முதலில் 1990க்குப் போன் பண்ணுங்க, பிறகு டிரைவரை எழுப்புங்க.

சில பேர் வண்டிக்குக் கீழே படுத்து ஸ்க்ரூ டிரைவரால் மோட்டாரின் இரண்டு ஆணியையும் சேர்த்துத் தட்டி ஸ்டார்ட் பண்ணுவாங்க. இது உயிரை எடுக்கிற வேலை. வண்டி கியரில் இருந்தால் அந்த இடத்திலேயே நகர்ந்து ஆள் மேல் ஏறிவிடும். மோட்டார் பலம் கூடினதால் இப்போது ஆபத்தும் கூட.

துணியைக் கொளுத்திக் காற்று உறிஞ்சும் வாயில் பிடிப்பதும், ஒயில் தொட்டிக்குக் கீழே நெருப்பு மூட்டுவதும் வேண்டாம். லொறியோடு ஆளும் எரியும்.

டிரைவர் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. சாவியை ஒரு தரத்துக்குப் பத்துச் செக்கனுக்கு மேல் பிடிக்காதீங்க. பிடிக்காவிட்டால் ஒரு நிமிசமாவது ஆறவிட்டுப் பிறகு திருப்புங்க. மாதம் ஒரு தடவை பற்றரி முனைகளைத் துடைத்து இறுக்குங்க. மோட்டார் முனகத் தொடங்கினால் அன்றைக்கே புத்தகத்தில் எழுதுங்க. நம்ம பழைய மோட்டார் அந்த ஜனவரிக்கு இரண்டு மாதம் முன்னமே முனகத் தொடங்கிவிட்டது. இறக்கம் இருக்கிறதே என்று எல்லாரும் சும்மா இருந்துவிட்டோம்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு விசேசமாக நன்றி. சங்கக் காசைப் பற்றி இப்படிக் கேள்வி கேட்க ஆள் இருக்கிற வரைக்கும் சங்கம் நல்லா இருக்கும்.